பலூஸ் மைண்ட்ஃபுல்னெஸ்: காசில்லாத எட்டு வாரப் பயிற்சி எப்படி இருக்கிறது?

பலூஸ் மைண்ட்ஃபுல்னெஸ் என்ற இணையதளத்தில் எம்.பி.எஸ்.ஆர். (மைண்ட்ஃபுல்னெஸ், அதாவது நடப்பதை நடக்கும்போதே கவனிப்பதன் வழியாக மன அழுத்தத்தைக் குறைப்பது) எனப்படும் எட்டு வார மனப்பயிற்சி முழுவதும் இலவசமாகக் கிடைக்கிறது. பதிவு செய்ய வேண்டாம். ஏழு நாள் 'ட்ரையல்' கொடுத்துவிட்டு எட்டாம் நாள் கார்டு எண் கேட்கும் வேலையும் இல்லை. இதே பயிற்சியை ஆசிரியரிடம் நேரில் படிக்க அமெரிக்காவில் பல நூறு டாலர் ஆகும். ஓசியில் கிடைப்பதால் தரம் மட்டமாக இருக்கும் என்று நினைக்கவேண்டாம். தளத்தை உருவாக்கிய டேவ் பாட்டர் இந்தப் பயிற்சிக்கு முறைப்படி சான்று பெற்ற ஆசிரியர்.

மூலப் பயிற்சியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டால்தான் பலூஸில் எது இருக்கிறது, எது விட்டுப்போயிருக்கிறது என்பது புரியும். 1979-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் ஜான் கபட்-ஜின் இதைத் தொடங்கினார். மூலக்கூறு உயிரியலில் டாக்டர் பட்டம் பெற்றவர். மருந்துக்கும் அறுவைக்கும் மசியாத நாள்பட்ட வலிக்காரர்களை மற்ற மருத்துவர்கள் அவரிடம் அனுப்பினார்கள். விபாசனா, ஜென் என்ற இரண்டு பௌத்தத் தியான முறைகள், ஹட யோகம் மூன்றிலிருந்தும் எடுத்து, சாமி, மந்திரம், குரு வணக்கம் எதுவும் இல்லாமல் ஒரு பாடத்திட்டமாக்கினார். வாரத்துக்கு ஒரு வகுப்பு, சுமார் இரண்டரை மணி நேரம். எட்டு வாரம். ஆறாம் வாரத்தை ஒட்டி ஒரு முழுநாள் மௌனம். இதெல்லாம் போக, வீட்டில் தினம் 45 நிமிடம், வாரத்தில் ஆறு நாள்.

பலூஸ் வீட்டுப் பயிற்சியைச் சுமார் அரை மணி நேரமாகக் குறைத்திருக்கிறது. ஆசிரியர், சக மாணவர்கள், வாராந்திர வகுப்பு மூன்றும் கிடையாது. அந்த இடத்தில் காணொளிகளும் கட்டுரைகளும் இருக்கின்றன. இதில் நிஜமான இழப்பு ஆசிரியர்தான். 'எனக்கு ஒன்றுமே தெரியவில்லை, தூக்கம்தான் வருகிறது' என்று மூன்றாம் வாரம் ஒருவர் சொன்னால், நேர் வகுப்பில் அதற்கு உடனே பதில் கிடைக்கும். இங்கே அவர் சத்தமில்லாமல் தளத்தை மூடிவிட்டுப் போய்விடுவார். ஆகவே எங்கெங்கே தடுக்கும், ஏன் தடுக்கும் என்பதை இந்த மதிப்பீட்டில் கொஞ்சம் விரிவாகவே சொல்லியாக வேண்டும்.

முதல் வாரம் ஒரே ஒரு கிஸ்மிஸ் பழத்தில் ஆரம்பிக்கிறது. அதைக் கையில் எடுத்துச் சுருக்கங்களைப் பார்ப்பது, வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பது, முகர்வது, காதருகே வைத்து விரலால் உருட்டுவது, நாக்கில் வைத்துக் கடிக்காமல் இருப்பது, பிறகு ஒரே ஒரு கடி. உமிழ்நீர் எப்போது ஊறுகிறது என்று கவனித்தால், பழம் வாய்க்குள் போவதற்கு முன்பே ஊறத் தொடங்கியிருக்கும். பயிற்சியின் மொத்த வித்தையும் இந்த ஐந்து நிமிடத்துக்குள் இருக்கிறது. ஆனால் பெரும்பாலோர் இதைக் குழந்தை விளையாட்டு என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டாதீர்கள்.

அதே வாரத்தின் முக்கியப் பயிற்சி பாடி ஸ்கேன். மல்லாந்து படுத்துக்கொண்டு கவனத்தை உடம்பு முழுக்க நகர்த்துவது. கபட்-ஜின் வகுத்த வரிசையில் இடது கால் விரலில் தொடங்கி, பாதம், கணுக்கால், முழங்கால், தொடை வழியாக இடுப்புக்கு வந்து, மறுபடி வலது கால் விரலிலிருந்து மேலே ஏறி, வயிறு, முதுகு, நெஞ்சு, தோள், இரண்டு கைகளின் விரல் நுனியிலிருந்து மேல்நோக்கி, கழுத்து, முகம், உச்சந்தலை என்று போகும். உடம்பை எதுவும் செய்யச் சொல்வதில்லை. தளர்த்தவும் சொல்வதில்லை. இருப்பதைத் தெரிந்துகொள்வது மட்டும்தான் வேலை.

தடுமாற்றம் சரியாக இங்கேதான் தொடங்குகிறது. இதை ரிலாக்ஸ் ஆகும் வழி என்று நினைத்துப் படுப்பவருக்கு, இடுப்பு வலி தெரிந்ததும் 'வேலை செய்யவில்லை' என்று தோன்றும். வலி தெரிந்ததுதான் வேலை செய்ததற்கு அடையாளம். இன்னொரு சாரார் கால்விரலில் எந்த உணர்வும் இல்லை என்று பதறுவார்கள். உணர்வில்லை என்று தெரிவதும் ஓர் அறிதல்தான். வலுக்கட்டாயமாக உணர்ச்சியைத் தேடி விரலை அசைத்துப் பார்க்க வேண்டியதில்லை.

தூக்கம் தனிக் கதை. இரவு சாப்பிட்டுவிட்டு, ஃபேன் காற்றில், தலையணை வைத்து மெத்தையில் படுத்தால் முழங்காலைத் தாண்டுமுன் குறட்டை கேட்கும். நேரத்தைக் காலைக்கு மாற்றுங்கள், அல்லது சாப்பாட்டுக்கு முன் வைத்துக்கொள்ளுங்கள். மெத்தையை விட்டுத் தரையில் பாய் அல்லது ஜமுக்காளம் விரித்துப் படுக்கலாம். தலையணையை எடுத்துவிட்டு முழங்காலை மடக்கிப் பாதத்தைத் தரையில் ஊன்றிக்கொண்டால், கண் சொருகும்போது முழங்கால் சாய்ந்து எழுப்பிவிடும். கண்ணைத் திறந்தே வைத்துக்கொள்ளவும் செய்யலாம். இத்தனைக்குப் பிறகும் தினமும் தூங்கிப்போனால் இரவுத் தூக்கம் போதவில்லை என்று அர்த்தம். முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

மொழி ஒரு தடைதான். பயிற்சியை நடத்தும் குரல் ஆங்கிலம். பாட்டர் நிதானமாக, எளிய சொற்களில் பேசுகிறார். ஆனால் கண்ணை மூடிப் படுத்திருக்கும்போது ஒவ்வொரு வாக்கியத்தையும் மனதில் தமிழாக்கிக்கொண்டிருந்தால் கவனம் உடம்பில் நிற்காது. இதற்கு ஒரு வழி உண்டு. வரிசையை ஒரு தாளில் எழுதிக்கொண்டு உங்கள் குரலிலேயே மொபைலில் பதிவு செய்துகொள்ளுங்கள். 'இடது கால் பெருவிரல். அங்கே என்ன தெரிகிறது? சூடா, குளிர்ச்சியா, துணி உரசுகிறதா, ஒன்றுமில்லையா. எதுவானாலும் சரி. இப்போது மூச்சை விடும்போது விரலை விட்டு உள்ளங்காலுக்கு வருகிறோம்.' இந்த அளவு போதும். ஒவ்வோர் இடத்துக்கும் இடையே இருபது, முப்பது விநாடி பேசாமல் விடுங்கள். பதிவு செய்யும்போது அந்த மௌனம் அசட்டுத்தனமாக நீளமாகத் தெரியும். படுத்துக் கேட்கும்போது சரியாக இருக்கும். மௌனத்தைக் கத்தரித்துப் பன்னிரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவதுதான் இதில் நடக்கும் வழக்கமான தவறு.

இரண்டாம் வாரத்திலிருந்து உட்கார்ந்து செய்யும் தியானம். மூச்சில் தொடங்கி, உடம்பு, ஒலி, எண்ணம் என்று கவனத்தின் வட்டம் விரியும். சம்மணம் போட்டு உட்காரப் பழகியவர்களுக்கு இது சுலபம் என்று தோன்றும். ஆனால் தரையில் நேரடியாக உட்கார்ந்தால் இடுப்பு பின்னால் சாய்ந்து முதுகு கூன்போடும். இருபது நிமிடத்தில் கால் மரத்துப்போகும். போர்வையை நான்காக மடித்துப் பிட்டத்துக்கு அடியில் வைத்து, இடுப்பு முழங்காலைவிட உயரமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. நாற்காலியில் உட்காருபவர் முதுகைச் சாய்க்காமல் முன்பாதியில் உட்கார்ந்து, இரண்டு பாதத்தையும் தரையில் பதிக்க வேண்டும். மூச்சை ஆழமாக இழுக்கவோ எண்ணவோ வேண்டாம். பிராணாயாமம் பழகியவர்களுக்கு இது கொஞ்சம் சிரமம். கை தானாக மூக்குக்குப் போகும். இங்கே மூச்சைச் சீர்படுத்துவதில்லை, அது வருவதையும் போவதையும் பார்ப்பதோடு சரி.

மனம் ஓடிப்போகும். ஓடியதைக் கண்டதும் திரும்ப வர வேண்டும். அரை மணியில் நூறு தடவை ஓடினால் நூறு தடவை திரும்புவதே பயிற்சி. 'எண்ணமே வராமல் இருக்க வேண்டும்' என்று யாரோ தலையில் ஏற்றிவிட்டிருப்பதால்தான் பலர் இரண்டாம் வாரமே 'எனக்குத் தியானம் வராது' என்று எழுந்து போகிறார்கள்.

இனி, இந்தப் பயிற்சி மகிழ்ச்சியைக் கூட்டுமா என்ற விஷயத்துக்கு வருவோம். பாடி ஸ்கேனைவிட, தியானத்தைவிட, அதற்கு நேரடியாக உதவுவது இரண்டாம், மூன்றாம் வாரத்தில் வரும் இரண்டு நாட்குறிப்புகள் என்பது எங்கள் கணிப்பு. முதலாவது இனிய நிகழ்வுகளுக்கு, அடுத்தது கசப்பானவற்றுக்கு. தினம் ஒன்று எழுத வேண்டும். கட்டங்கள் இவை: என்ன நடந்தது, நடக்கும்போதே அது தெரிந்ததா, உடம்பில் என்ன உணர்வு, அப்போது என்ன மனநிலை, என்ன எண்ணம், இப்போது எழுதும்போது என்ன தோன்றுகிறது.

ஒழுங்காக எழுதிய ஒரு பதிவு இப்படி இருக்கும். 'மேனேஜர் வாட்ஸ்அப்பில் வெறும் கேள்விக்குறி மட்டும் அனுப்பினார். அப்போதே தெரிந்தது. தாடை இறுகியது, காது சூடானது, வயிற்றில் ஒரு பிடிப்பு. எரிச்சல், கொஞ்சம் பயம். "இவருக்கு எப்பவும் நான்தான் கிடைத்தேன்." இப்போது எழுதும்போது: அவர் அனுப்பியது ஒரு குறி, மீதியெல்லாம் நான் சேர்த்தது.' ஒழுங்கில்லாத பதிவு: 'ஆபீஸில் டென்ஷன். மூடு அவுட்.' இரண்டாவதில் உடம்புக் கட்டம் காலி. அந்தக் கட்டம் காலியாக இருக்கும்வரை பயன் இல்லை. ஏனென்றால் கோபம் வார்த்தையாக வெளியே வருமுன் உடம்பில் வந்துவிடுகிறது. தாடை இறுகுவது தெரிந்தவருக்குப் பதில் தட்டுவதற்கு முன் மூன்று விநாடி கிடைக்கும். தெரியாதவருக்குக் கிடைக்காது. நான்காம் வாரத்தில் வரும் 'நில், ஒரு மூச்சு, கவனி, தொடர்' என்ற ஒரு நிமிடப் பயிற்சி இந்த மூன்று விநாடியை நம்பித்தான் நிற்கிறது.

இனிய நிகழ்வுக் குறிப்பில் வேறு விதமான தவறு நடக்கும். பெரிய சந்தோஷத்துக்காகக் காத்திருந்து, 'இந்த வாரம் ஒன்றுமில்லை' என்று நாலு நாள் காலியாக விட்டுவிடுவார்கள். பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது, குளித்துவிட்டு வந்ததும் முதுகில் பட்ட காற்று, பக்கத்து வீட்டுக் குழந்தை பேர் சொல்லிக் கூப்பிட்டது, இவைதான் அங்கே எழுத வேண்டியவை. ஏழு நாளையும் ஞாயிறு இரவில் உட்கார்ந்து நிரப்புவது இன்னொரு வழக்கம். அப்படி நிரப்பினால் நினைவில் நின்ற பெரிய விஷயங்கள்தான் வரும். பயிற்சி எதைப் பிடிக்க முயல்கிறதோ அது நழுவிவிடும். படுக்கப் போகுமுன் இரண்டு நிமிடம், அன்றன்றைக்கு.

மனம் அலைவதற்கும் மகிழ்ச்சிக்கும் என்ன தொடர்பு என்று 2010-ல் ஹார்வர்டின் கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் இருவரும் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 2,250 பேரிடம் ஐபோன் வழியாக எதிர்பாராத நேரங்களில் கேள்வி அனுப்பி, இப்போது என்ன செய்கிறீர்கள், என்ன நினைக்கிறீர்கள், எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். 46.9 சதவீதத் தருணங்களில் மனம் செய்யும் வேலையில் இல்லை. அப்படி அலைந்த நேரங்களில் மகிழ்ச்சியும் குறைவாகவே பதிவானது. இனிமையான விஷயத்துக்கு அலைந்த மனமும் கையில் இருந்த வேலையிலேயே நின்ற மனத்தைவிடக் கூடுதல் மகிழ்ச்சியைக் காட்டவில்லை. இனிய நிகழ்வுக் குறிப்பின் தர்க்கம் இதுதான்.

ஆனால் இந்தத் துறையில் மிகைப்பேச்சு அதிகம். பலூஸ் தளத்தின் காணொளிகளிலும் 'மூளையே மாறிவிடும்' என்ற தொனி அங்கங்கே தட்டுப்படுகிறது. எட்டு வாரத்தில் மூளையின் சாம்பல் பகுதி அடர்ந்ததாக 2011-ல் வந்து உலகம் முழுக்கப் பரவிய ஆய்வில் பயிற்சி எடுத்தவர்கள் 16 பேர்தான். 2022-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பெரிய அளவில், ஒப்பீட்டுக் குழுக்களோடு செய்து பார்த்தபோது அப்படிப்பட்ட கட்டமைப்பு மாற்றம் தென்படவில்லை. 2014-ல் ஜாமா மருத்துவ இதழ் ஒன்றில் வந்த தொகுப்பாய்வு 47 சோதனைகளை, 3,515 பேரைக் கணக்கில் எடுத்தது. பதற்றம், மனச்சோர்வு, வலி மூன்றிலும் மிதமான பலன். உடற்பயிற்சி போன்ற பிற சிகிச்சைகளைவிட உயர்ந்தது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. பதற்ற நோய் உள்ள 276 பேரிடம் செய்து 2022-ல் வெளியான சோதனையில், எம்.பி.எஸ்.ஆர். பயிற்சி, பதற்றத்துக்குக் கொடுக்கும் எஸ்சிடாலோபிராம் மாத்திரைக்குக் குறைந்ததல்ல என்று தெரிந்தது. அது ஆசிரியரோடு, குழுவாக, தினம் 45 நிமிடம் செய்த முழுப் பயிற்சி என்பதை மறக்கக் கூடாது. தனியாக அரை மணி செய்யும் பலூஸ் பதிப்புக்கு அந்த முடிவை அப்படியே பொருத்த முடியாது. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர் இதைப் படித்துவிட்டு நிறுத்தவும் கூடாது.

மூன்றாம், நான்காம் வாரங்களில் இரண்டு யோகாத் தொகுப்புகள் வருகின்றன. ஆசனம் பழகியவர்களுக்கு அவை சப்பென்று இருக்கும். வேண்டுமென்றேதான் மெதுவாக வைத்திருக்கிறார்கள். கை உயரும்போது தோளில் என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்கான சாக்கு அது. முதுகுத்தட்டுப் பிரச்சினை உள்ளவர்கள் முன்பக்கம் வளையும் அசைவுகளை விட்டுவிடலாம்.

ஐந்தாம் வாரம் கனமானது. கஷ்டமான உணர்ச்சியை விட்டு ஓடாமல் அதன் பக்கம் திரும்பிப் பார்க்கச் சொல்கிறது. பத்துக்குப் பத்து பாரமுள்ள துக்கத்தை எடுத்துக்கொண்டு முதல் நாளே இதில் இறங்காதீர்கள். கடையில் சில்லறைக்கு நடந்த சண்டை, பதில் வராத ஒரு மெசேஜ், இந்த அளவில் ஆரம்பியுங்கள். உணர்ச்சியைத் தாங்க முடியவில்லை என்றால் கவனத்தைத் தரையில் பதிந்திருக்கும் பாதத்துக்குக் கொண்டுவந்துவிடலாம், கண்ணைத் திறக்கலாம், எழுந்து நடக்கலாம். அண்மையில் பெரிய இழப்பைச் சந்தித்தவர்கள், வன்முறைக்கு ஆளானவர்கள், மனச்சிதைவு பாதிப்பு இருந்தவர்கள், இப்போது கடும் மனச்சோர்வில் இருப்பவர்கள் ஆசிரியர் இல்லாத இந்தப் பதிப்பைத் தனியாகச் செய்வதை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. மனநல மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்கட்டும். கண்ணை மூடி உடம்புக்குள் இறங்குவது சிலருக்குப் பழைய பயத்தைக் கிளறிவிடும்.

ஆறாம் வாரம் பேச்சும் உறவும், ஏழாம் வாரம் அன்பும் கருணையும். இரண்டிலும் எழுத்து அதிகம், பயிற்சி கொஞ்சம் நீர்த்துப்போகிறது. மலையைப் போல உட்கார்ந்திருப்பதாகக் கற்பனை செய்யும் தியானம் மட்டும் நன்றாக இருக்கிறது.

அந்த முழுநாள் மௌனத்தைப் பலூஸில் சேருபவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். வீட்டிலேயே ஆறு மணி நேரம் ஒதுக்க முடியும். உட்காருவது அரை மணி, நடப்பது இருபது நிமிடம், யோகா, மறுபடி உட்காருவது, மௌனமாகச் சாப்பாடு, தூக்கம் வரும் மதிய நேரத்தில் பாடி ஸ்கேனை வைக்காமல் நடை. நடைக்கு மொட்டைமாடியில் பன்னிரண்டு அடி நீளம் போதும்: குதிகால் எழுவது, பாதம் முன்னே போவது, பதிவது, பாரம் மாறுவது. வீட்டாரிடம் முந்தைய நாளே சொல்லிவிடுங்கள். 'ஏன் இவ உர்ருன்னு இருக்கா' என்று நடுவில் விசாரணை வந்தால் அன்றைய மௌனம் அதோடு சரி. போனை அணைத்து வேறு அறையில் வைப்பதும் கட்டாயம். சைலன்ட்டில் போட்டு மடியில் வைப்பது கணக்கில் சேராது.

வேறு எங்கே போகலாம்? விடுப்பு எடுக்க முடிந்தவர்களுக்கு விபாசனா ஆசிரியர் எஸ்.என். கோயங்காவின் மரபில் பத்து நாள் முகாம்கள் உண்டு. சென்னையை அடுத்த திருமுடிவாக்கத்தில் ஒரு மையம் இருக்கிறது. தமிழில் வழிகாட்டல் கிடைக்கும், கட்டணம் இல்லை, விரும்பினால் நன்கொடை. ஆனால் போனை ஒப்படைத்துவிட்டு நாளுக்குச் சுமார் பத்து மணி நேரம் உட்கார வேண்டும். எம்.பி.எஸ்.ஆர். வேலை, சமையல், பிள்ளைகளின் பரீட்சை நடுவே செய்வதற்கானது. அரை மணியும் முடியாதவர்களுக்கு விஸ்கான்சின் ஆய்வாளர் ரிச்சர்ட் டேவிட்சன் தொடர்புடைய ஹெல்தி மைண்ட்ஸ் ஆப் நல்ல மாற்று. அதுவும் இலவசம்தான். ஐந்து நிமிடப் பயிற்சியும் இருக்கிறது, உட்காராமல் நடந்துகொண்டோ பாத்திரம் கழுவிக்கொண்டோ செய்யும் வகையும் உண்டு. சந்தா கட்டும் ஆப்களில் குரலும் இசையும் பளபளவென்று இருக்கும். எட்டு வாரம் ஒரே வரிசையில் பிடித்து நடத்தும் கட்டுப்பாடு அவற்றில் குறைவு.

தொடங்குபவர்கள் திருமண சீசன், ஆண்டுக் கணக்கு முடிக்கும் மார்ச், பிள்ளைகளின் பொதுத்தேர்வு இவற்றைத் தவிர்த்து எட்டு வாரத்தைக் காலண்டரில் முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் தவறினால் அந்த வாரத்தையே மறுபடி செய்யலாம், தாண்டிப் போகாதீர்கள். கூட ஒருவரைச் சேர்த்துக்கொண்டு வாரம் ஒருமுறை நாட்குறிப்பைப் படித்துக் காட்டினால் ஆசிரியர் இல்லாத குறை ஓரளவு ஈடாகும். முடித்தவர்களுக்குத் தளம் சான்றிதழும் தருகிறது. அதற்கு வாராந்திரப் பயிற்சிப் பதிவுகளை நிரப்பி அனுப்ப வேண்டும், ஆகவே முதல் வாரத்திலிருந்தே அவற்றைச் சேமித்து வையுங்கள். நீங்கள் படித்து முடித்ததற்கான அத்தாட்சி மட்டுமே அது. மற்றவர்களுக்கு வகுப்பெடுக்க அதைக் காட்ட முடியாது.